முதுகுக்குப் பின்னே சுழலும் சக்கரம்

திருவாரூரில் என் எதிர்வீட்டில் குடியிருக்கும் இளைஞன், முன்னொரு காலத்தில் என் வகுப்பில் தமிழ் படித்தவன், இப்போது சொந்தமாக ஓர் ஆட்டோ வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளையும், இடைப்பொழுதில் ரயிலடிக்கு வருவோர் போவோரையும் ஏற்றி இறக்கி ஜீவனம் நடத்துகிறவன். ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்த விடியற்காலையில், அவன் ஜாக்கி, ஸ்பானர், புதிய டயர், டியூப் எல்லாவற்றையும் திண்ணையருகே வரிசையாக வைத்துவிட்டு, வேலையைத் தொடங்காமல் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்ததைக் கண்டு, என்ன சங்கதி என்று விசாரிக்கப் போனேன்.

"பின்னாடி டயர் நூல் தெரியுதுங்கய்யா. நேத்து சாயங்காலம் ஒரு பாட்டி இறங்குறப்பக் குனிஞ்சு பாத்துட்டுச் சொன்னாங்க. எத்தனை நாளா இப்படி இருக்குன்னே எனக்குத் தெரியலை. இதுலதான் தினமும் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன்."

கடையில் விட்டால் அரைமணி நேரத்தில் மாற்றித் தருவார்களே என்றேன். அவன் தலையை அசைத்தான். "இல்லைங்கய்யா, நானே மாத்துறேன். கையால தொட்டுப் பாத்தாத்தான் மனசு ஆறும்." சற்று நேரம் கழித்து, என் முகத்தைப் பாராமலே கேட்டான்: "ஒண்ணும் ஆகலைதான். ஆனா ஆயிருந்தா? தெரியாமப் பண்ணினதுக்கும் பாவம் உண்டுங்களாய்யா?"

வேறு ஊராக இருந்தால், ஒன்றும் நேரவில்லையே, மனத்தைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே என்று ஆறுதல் சொல்லியிருப்பேன். தேர்ச்சக்கரத்தில் அகப்பட்டு ஒரு கன்று மாண்ட கதை வழங்கும் திருவாரூர் வீதியில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆகவே அவனுக்கு விடை சொல்லாமல், கையில் இருந்த டார்ச் விளக்கை அடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் டயர் மாற்றி முடிக்கும் வரையில் என் மனத்தில் ஓடியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

மூன்று சக்கர வண்டியின் அமைப்பிலேயே இந்தக் கேள்வி அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஓட்டுகிறவனுடைய கைப்பிடிக்கு அடங்கித் திரும்புவதும், குழியில் விழுந்தால் உடனே அவன் மணிக்கட்டுக்குச் சேதி சொல்லுவதும் முன்சக்கரம் ஒன்றுதான். அவனை நம்பி ஏறி உட்கார்ந்தவர்களுடைய பாரமும், எஞ்சின் பின்னால் அமைந்த இந்த வகை வண்டியில் அதன் பாரமும் சேர்ந்து அழுத்துவது, அவன் முதுகுக்குப் பின்னே, அவன் கண்ணுக்கு ஒருபோதும் எட்டாமல் சுழல்கின்ற மற்ற இரண்டையுமே. நான்கு அங்குல அகலமும் எட்டு அங்குல ரிம்மும் கொண்ட அந்தச் சிறிய டயர் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவுகூட இராது. அந்த இடத்திலுள்ள பட்டன் தேய்ந்து மொட்டையாகிவிட்டால், மழைநீர் ஒதுங்கி ஓட வாய்க்கால் இல்லாமற்போய், பிரேக்கை மிதித்த நேரத்தில் சக்கரம் நிற்க, வண்டி மட்டும் நிற்காமல் வழுக்கிச் செல்லும். நூல் தெரியும் டயருக்கோ மழைகூட வேண்டியதில்லை. ஒரு கூரிய சரளைக்கல் போதும்.

அவன் முதலில் முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும், பிறகு வலப்பக்கத்துப் பின்சக்கரத்துக்கும், கற்களை அண்டக் கொடுத்தான். கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறாயே, கல் எதற்கு என்று கேட்டேன். பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவே இருக்கும் டிஃபரென்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பு, வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகமாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுழல இடங்கொடுப்பதற்காக ஏற்பட்டது. ஒரு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், அந்தரத்தில் இருப்பது எதிர்ப்பக்கமாகச் சுழன்றுகொடுக்க, தரையில் இருப்பது உருண்டுவிடக்கூடும். கியரின் பிடிப்பு அப்போது பிடிப்பே ஆகாது. இதை அவன் எனக்குச் சொன்ன விதம் இன்னும் எளிமையானது: "கியரை நம்பக்கூடாதுங்கய்யா, கல்லைத்தான் நம்பணும்." வண்டியைத் தூக்குமுன்னரே நட்டுகளைச் சற்று நெகிழ்த்திக்கொண்டான், சக்கரம் தரையில் ஊன்றி நிற்கும்போதுதான் நட்டு கழலும், தூக்கியபின் நட்டோடு சக்கரமும் சேர்ந்து சுழலும்.

சேக்கிழார் பெரிய புராணத்தில் திருவாரூரின் சிறப்பைச் சொல்லப் புகுந்தபோது, கோபுரத்தையும் குளத்தையும் வருணித்ததோடு அமையாமல், மனுநீதிச் சோழனின் சரித்திரத்தையும் அங்கே வைத்தார். அரசகுமாரன் தேரேறி வருகிறான். இளங்கன்று ஒன்று ஒருவரும் அறியாதபடி துள்ளிப் புகுந்து சக்கரத்தில் அகப்பட்டு உயிர் விடுகிறது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் தொங்கும் ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைக்கிறது. அமைச்சர்கள் சொன்ன சமாதானம் மிகவும் நியாயமாகத் தொனிப்பது: இது தெரியாமல் நேர்ந்தது, பசுவதைக்கு நூல்கள் விதித்திருக்கும் பிராயச்சித்தம் உண்டு, அதைச் செய்துவிட்டால் போதும். அரசன் அதற்கு இணங்கவில்லை. குடிகளுக்கு வரக்கூடிய பயம் ஐந்து வகை என்று அவன் கணக்குச் சொல்லுவதாகச் சேக்கிழார் பாடுகிறார்: தன்னால் வருவது, தன் பரிவாரத்தால் வருவது, பகைவரால் வருவது, கள்வரால் வருவது, பிற உயிர்களால் வருவது. இந்த ஐந்தையும் தீர்ப்பவனே காவலன்.

அதன்பின் அரசன் தன் மைந்தன்மேல் தேரைச் செலுத்தினானே, அந்தச் செயலை என் மனம் இன்றுவரை ஏற்றுக்கொண்டதில்லை. வகுப்பில் அப்பகுதியை நடத்திய ஒவ்வோர் ஆண்டும் என் குரல் அந்த இடத்தில் தாழ்ந்துபோகும். கன்று இறந்த துயரத்தை மற்றோர் இறப்பினால் ஆற்றலாம் என்பதை நான் தர்மமாகக் கொள்ளமாட்டேன். ஆனாலும் அந்தக் கணக்கிலே முதலாவதாக நிற்கும் பயம் எது என்பதைக் கவனிக்கும்தோறும் எனக்குப் பெரும் வியப்பு உண்டாகிறது. பகைவனுக்கும் கள்வனுக்கும் முன்னால், காவலனால் விளையும் பயத்தைத்தான் அவன் முதலில் எண்ணினான். பிறரை ஏற்றிச் செல்லுகிற எவனும், அவன் அரசனானாலும் ஆட்டோ ஓட்டுகிறவனானாலும், குறுக்கே வரும் லாரியையும் குழியையும் பற்றிக் கவலைப்படுமுன், தன் முதுகுக்குப் பின்னே தன்னாலேயே கொண்டுசெல்லப்படும் ஆபத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பதே அதன் பொருள் என்று நான் கொள்ளுகிறேன்.

எதிர்வீட்டுப் பிள்ளையின் வண்டியில் எந்தக் கன்றும் மாளவில்லை. ஒன்றும் நேராதபோது குற்றம் எங்கே இருக்கிறது? மேல்நாட்டுத் தத்துவ ஆசிரியர்களாகிய பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976-இல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு வாதித்தார்கள். நேகல் காட்டிய திருஷ்டாந்தங்களில் ஒன்று நம் சங்கதிக்கு மிகவும் அணுக்கமானது: பிரேக்கைச் சோதித்துப் பார்க்கத் தவறிய ஓட்டுநன் ஒருவன் எதிரே குழந்தை ஓடிவந்துவிட்டால் அவன் வாழ்நாள் முழுவதும் தன்னை நொந்துகொள்வான், அதே தவற்றைச் செய்த மற்றொருவன் எதிரே குழந்தை வராவிட்டால், அவன் தன்னைச் சிறிதளவே நொந்துகொள்வான். இருவரும் செய்தது ஒன்றே. வேற்றுமை தெருவில் இருந்ததே தவிர அவர்களிடத்தில் இல்லை. உலகத்துச் சட்டம் பெரும்பாலும் விளைவைக் கொண்டு தண்டிக்கிறது. ஆனால் மனசாட்சி என்பது விளைவுக்காகக் காத்திருக்கும் நீதிமன்றமாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. ஒரு கிழவி குனிந்து பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தைக்கே இரவெல்லாம் உறங்காமல் கிடந்த அந்த இளைஞன், நேராத விபத்துக்குத் தன்னைப் பொறுப்பாளியாக்கிக்கொண்டு கேட்டான் அல்லவா, அந்தக் கேள்வியை அசட்டுத்தனம் என்று தள்ளுவோர் தள்ளட்டும். நான் அதை ஆஸ்திகம் என்பேன்.

சக்கரம் கழன்று வந்தது. இந்த வண்டிகளின் ரிம் இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டு, நட்டும் போல்ட்டும் கொண்டு சேர்க்கப்பட்டிருக்கும். பாதிகளைப் பிரித்தால் டயர் இலகுவாகக் கையோடு வந்துவிடும், நெம்புகோல் கொண்டு மல்லாட வேண்டியதில்லை. அந்தச் சௌகரியத்துக்குள்ளேயே ஒரு யமனும் இருக்கிறான். உள்ளே காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால், அடைபட்ட காற்று பாதிகளை உதறித் தள்ளி, குனிந்திருப்பவன் முகத்திலேயே வீசிவிடும். அவன் வால்வின் பின்னைக் கழற்றி, சீறிக்கொண்டு வெளியேறிய காற்று முழுவதும் அடங்கும் வரையில், ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டுக் கைகட்டிக் காத்திருந்தான். சீறல் நின்ற பிறகும் டயரை முழங்காலால் அமுக்கி, மிச்சமிருந்த மூச்சையும் வெளியேற்றினான். மணிக்கணக்கில் தியானத்தில் அமர்ந்திருப்போரை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு நிமிஷக் காத்திருப்பில் இருந்த அவதானம் அதற்கு எவ்விதத்திலும் குறைந்ததாக எனக்குப் படவில்லை.

தெரியாமல் செய்வது பாவமா என்னும் விவாதம் இந்த நாட்டில் மிகப் பழமையானது. ஜைனர் மகாவீரர் என்று போற்றும் நிகண்ட நாதபுத்திரரின் சீடரான உபாலி என்னும் செல்வர் நாளந்தாவில் புத்தரிடம் வாதிக்கச் சென்ற வரலாற்றைப் பாலி நூல்கள் விரிவாகச் சொல்லுகின்றன. உடலால் செய்யும் தீமையே பெரிது என்பது உபாலியின் கட்சி; மனத்தால் எண்ணிச் செய்வதே பெரிது என்பது புத்தரின் கட்சி. எண்ணமே கர்மம் என்றால், எண்ணாமல் நேர்ந்தது கர்மமாகாது. அமைச்சர்களின் வாதமும் ஏறக்குறைய இதுவே. ஆனால் ஜைனரின் நிலையை, சிற்றுயிரை மிதித்தவனெல்லாம் பாவி என்று சொல்லும் முரட்டு நிலையாக எண்ணுவோர் அதைச் சரிவர அறியாதவர்கள். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில், பிரமாதத்தால், அதாவது அசட்டையால், உயிரைப் போக்குவதே இம்சை என்று வரையறுக்கிறது. ஜைன முனிவர் நடக்கும்போது தமக்கு முன்னே ஒரு நுகத்தடி நீளம் தரையைப் பார்த்து நடக்கவேண்டும் என்பது விதி. வண்டி மாட்டின் நுகத்தடியை அளவுகோலாகக் கொண்ட அந்த விதி, வண்டி ஓட்டுகிறவர்களுக்கென்றே எழுதினாற்போல் இருக்கிறது. அவ்வளவு பார்த்து நடந்த பின்னும் ஓர் உயிர் காலடியில் வந்து மாண்டால், அது வேறு. பாராமல் நடந்ததே குற்றத்தின் வித்து. எண்ணத்தையே பெரிதாகச் சொன்ன புத்தரும், கண்மூடுமுன் சீடர்களுக்கு விட்டுச்சென்ற கடைசி உபதேசத்தில் அப்பமாதம் என்னும் அசட்டையின்மையைத்தான் வற்புறுத்தினார். எதிரெதிர்க் கட்சியினர் வந்து சேர்ந்த துறை ஒன்றாகவே இருக்கிறது.

தமிழில் இதற்குப் பொச்சாப்பு என்று பெயர். இன்று வழக்கொழிந்து, அகராதியில் மட்டும் உறங்கும் இந்தச் சொல்லுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, பொச்சாவாமை என்று தலைப்பிட்டார். அளவு கடந்த கோபத்தைக் காட்டிலும், மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதி கொடியது என்பது அவர் கருத்து. கோபம் தன்னைத் தானே பறைசாற்றிக்கொண்டு வரும். மறதி எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதுதான் வரும். அந்தப் பிள்ளையின் டயர் தேய்ந்தது அவனுக்குக் கெட்ட காலத்தில் அல்ல. சவாரி நிறையக் கிடைத்து, வண்டிக்கடன் குறைந்து, வெள்ளிக்கிழமைதோறும் முன்கண்ணாடிக்கு மாலை சாத்திச் சந்தனமும் குங்குமமும் இட்டு, எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கி, மனநிறைவோடு ஓட்டிக்கொண்டிருந்த நாட்களிலேதான் அது தேய்ந்தது. பூஜை முழுவதும் வண்டியின் முகத்துக்கே நடந்திருக்கிறது. பின்பக்கம் போய்க் குனிந்தவர் அந்தக் கிழவி ஒருவர்தாம்.

எல்லாம் அவன் செயல் என்று சொல்லி இதை முடித்துவிடலாம் என்போர் உண்டு. அந்த வாக்கியத்தை நான் மிகுந்த பக்தியோடு மதிக்கிறேன்; ஆயினும் அதைச் சொல்லுவதற்குரிய இடமும் காலமும் உண்டு என்றே நினைக்கிறேன். மனுநீதிச் சோழன் கதையில் இறைவன் எழுந்தருளிக் கன்றையும் மைந்தனையும், மைந்தன்மேல் தேர் செலுத்த மாட்டாமல் உயிர்விட்ட அமைச்சனையும் உயிர்ப்பித்தது உண்மைதான். ஆனால் அந்தக் கருணை வந்தது, அரசன் பொறுப்பு முழுவதையும் தன் தலைமேல் ஏற்றுக்கொண்ட பிறகு. பொறுப்பைத் தட்டிக்கழிக்க அமைச்சர்கள் வழி சொன்னபோது அங்கே யாரும் தோன்றவில்லை.

புதிய டயரைச் சுற்றியிருந்த காகிதத்தைக் கிழிக்கும்போது எழுந்த ரப்பர் வாசனையில் எனக்கு மற்றொரு தகப்பனின் நினைவு வந்தது. காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845-லேயே காப்புரிமை பெற்றிருந்தும், உலகம் அதை மறந்துபோயிற்று. பிறகு பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், கல் பாவிய தெருக்களில் தம் சிறுமகன் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள் அதிர்வதைக் கண்டு, அதன் பின்சக்கரங்களுக்கு ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சுற்றினார். 1888-இல் காப்புரிமையும் பெற்றார். ஒரு தகப்பன் தன் மகன்மேல் தேர்ச்சக்கரத்தை ஏற்றிய கதையை நினைத்து நெஞ்சு கனத்திருந்த எனக்கு, மற்றொரு தகப்பன் தன் மகனுக்காகச் சக்கரத்தையே மெத்தென்று ஆக்கிய இந்தச் செய்தி பெரிய ஆறுதலாக இருந்தது. அதுவும் மூன்று சக்கர வண்டி, அதுவும் பின்சக்கரங்கள்.

டியூபை வைக்குமுன் அவன் செய்த காரியத்தை நான் மறக்கமாட்டேன். புதிய டயர்தானே என்று விடாமல், அதன் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்து, முழுவட்டமும் ஒருமுறை மெல்லத் தடவி வந்தான். உள்ளே ஒட்டியிருக்கக்கூடிய சிறு துரும்போ மணலோ டியூபை நாளடைவில் அறுத்துவிடும். தடவும்போது அவன் கண்கள் மூடியிருந்தன. டார்ச்சை நான் அருகே கொண்டுபோனதும், "வெளிச்சம் வேணாங்கய்யா, கைக்குத்தான் தெரியும்" என்றான்.

அப்போது எனக்குத் தண்டியடிகள் நினைவுக்கு வந்தார். அவரும் இதே திருவாரூரில் வாழ்ந்தவர். பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். கமலாலயக் குளம் தூர்ந்துபோவதைக் கேள்விப்பட்டு, அதைத் தோண்டும் பணியை மேற்கொண்டவர். காணாதவன் குளம் தோண்டுவது எப்படி? குளத்துக்குள் ஒரு கழியும் கரையில் ஒரு கழியும் நட்டு, இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டி, தடவிக்கொண்டே ஏறிக் கரையில் கொட்டினார். மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் இறக்குமே என்று ஊரிலிருந்த சமணர்கள் அவரைத் தடுத்ததையும், அதன்மேல் எழுந்த விவாதத்தையும், முடிவில் அவர் கண்பெற்றதையும் சேக்கிழார் சொல்லுகிறார். அந்த மதப்பூசலுக்குள் புக எனக்கு விருப்பம் இல்லை. சிற்றுயிருக்கு இரங்கியவர்களின் இரக்கமும் எனக்குப் பெரிதே. என் உள்ளத்தைக் கொள்ளைகொள்வது அந்தக் கயிறு. எனக்குத் தெரியாது என்று சொல்லி ஒதுங்க உலகத்தில் யாருக்காவது உரிமை இருந்ததென்றால் அது அவருக்குத்தான் இருந்தது. அவர் அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொள்ளாமல், அறிந்துகொள்ளுவதற்கு ஒரு வழியைத் தம் கையாலேயே கட்டிக்கொண்டார்.

டியூபுக்குச் சிறிது காற்றூதி, அது வடிவு கொண்டபின் டயருக்குள் அமைத்து, ரிம்மின் பாதிகளுக்கிடையே டியூபின் விளிம்பு எங்கும் நசுங்கவில்லை என்பதைச் சுற்றிச்சுற்றிப் பார்த்து, நட்டுகளை எதிரெதிராக ஒன்று மாற்றி ஒன்று முறுக்கி, முழுக் காற்றும் அடித்துச் சக்கரத்தை மாட்டினான். வண்டியை இறக்கிய பிறகு மறுபடி ஒருமுறை எல்லா நட்டுகளையும் இறுக்கினான். வலப்பக்கத்து டயரையும், ஸ்டெப்னியையும்கூடக் குனிந்து பார்த்து, விரலால் பள்ளங்களை அளந்தான். வெயில் ஏறியிருந்தது. அவன் கைகழுவி வந்தபோது, அவன் கேட்ட கேள்விக்கு நான் சொன்னது இவ்வளவே: "தெரியாமல் செய்தது பாவமோ இல்லையோ, தம்பி, தெரிந்துகொள்ள முடிந்ததைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தது நம் கணக்கில்தான் சேரும். நீ இன்றைக்குச் செய்தது அந்தக் கணக்கைத் தீர்க்கும் காரியம்." அவன் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போனான்.

மாலையில் விளக்கு வைக்கும் வேளைக்குத் திரும்பி வந்தவன், வீட்டுக்குள் போகாமல், வண்டியை நிறுத்திய கையோடு ஸ்பானரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் குந்தினான். புதிதாக மாட்டிய சக்கரம் சிறிது தூரம் ஓடியபின் நட்டுகளை ஒருமுறை சோதிப்பது அவர்கள் தொழில் வழக்கம். திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நட்டாக ஸ்பானரைப் பொருத்தி அழுத்திக்கொண்டே வந்தான். எல்லாம் அசையாமல் நின்றன. கடைசி நட்டு மட்டும் கால் திருகு உள்ளே போயிற்று.